பதினோராவது கேள்வி

ஆஸ்பத்திரியில் அவளைக் 'கேள்வி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர்கள்கூட ஞாபகமில்லாமல் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. குடல்வால் வீங்கி, வலியில் சுருண்டு வருகிறவர்களை ஆபரேஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு கேள்விகள் கேட்பாள். பதிலை எழுதிக்கொள்வாள். இதற்கு ஒரு ஆள், ஒரு சம்பளமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஒருநாள் வந்து கேட்டுப் பார்க்கட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற மனிதரிடம் போய் "போன ஆறு மாசத்துல உங்களுக்கு..." என்று ஆரம்பிப்பது என்ன பாடு என்று அப்போது தெரியும்.

கேள்வியெல்லாம் ஒரு ஆராய்ச்சிக்காக. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவையும் சேர்த்துக் கொடுப்பது வெகுகால வழக்கம். சிரிப்பு வாயு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போமே, அதேதான். அது சேர்ந்தால் மற்ற மயக்க மருந்து கொஞ்சமாக இருந்தால் போதும். ஆனால் அந்த வாயு குடலுக்குள் புகுந்து வயிற்றை உப்ப வைக்கிறது, கண் விழித்ததும் வாந்தி எடுக்க வைக்கிறது என்று டாக்டர்களில் ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா என்று இன்னொரு கட்சி. குடல்வால் ஆபரேஷனில் எந்தக் கட்சி சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்ததுதான் இது. இருநூறு நோயாளிகள். பாதிப் பேருக்கு வாயு உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் போய்த்தான் அதைப் பிரிப்பார்.

பன்னிரண்டு கேள்விகளில் பதினோராவதுதான் முக்கியம். கடந்த ஆறு மாதத்தில் கை கால்கள் மரத்துப்போனது, எறும்பு ஊர்வது போல இருந்தது, நடக்கும்போது தடுமாறியது உண்டா? 'ஆம்' என்று வந்தால் அந்த ஆள் ஆராய்ச்சியில் கிடையாது, வாயுவும் கிடையாது, உடனே ஒரு ரத்தப் பரிசோதனை. காரணம் இருக்கிறது. உடம்பில் இருக்கும் பி-12 என்ற சத்தை இந்த வாயு முடக்கிப் போட்டுவிடும். சத்து நிறைய இருக்கிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வற்றிப்போயிருக்கிறவர்களுக்கு, ஒரு மணி நேரம் அந்த வாயுவைச் சுவாசித்தால், முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பே பழுதாகிவிடலாம். அதுவும் உடனே தெரியாது. வாரக்கணக்கில் மெதுவாகத் தெரியவரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்கிறவளே அவள்தான்.

ஃபாரம் விஷயத்தில் கறார் பேர்வழி. தேதி போடாத ஃபாரம் வந்தால் மூன்று மாடி ஏறிப் போய் அனுப்பினவர் கையிலேயே திணித்துவிட்டு வருவாள். ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒருமுறை ஒரு நர்ஸ், பெரியவர் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று அவர் மகனிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று அந்த நர்ஸ் வாங்கிக் கட்டிக்கொண்டதை வார்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவைப் பற்றி மகனுக்கு என்ன தெரிந்திருக்கும், காதில் கத்திக் கேள், எழுதிக் காட்டிக் கேள், நோயாளி வாயிலிருந்து வராதது பதிலே இல்லை என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டாள். ஃபாரத்தின் அடியில் 'நோயாளியிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது' என்று அச்சடித்து, அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும். கேள்வி கேட்கிறவரின் சொந்தக்காரர்கள் நோயாளியாக வந்தால் வேறு ஆளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதையும் எல்லோருக்கும் மனப்பாடமாக்கியது அவள்தான்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவள் தங்கை.

அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது, தங்கைக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே விலகிப் போய்விட்டவர். அன்றிலிருந்து தங்கைக்கு எல்லாம் அக்காதான். எந்தச் செருப்பு, எந்தப் பள்ளி, முடியை எவ்வளவு வெட்டலாம், காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, எல்லாவற்றிலும் அக்கா வைத்ததுதான் சட்டம். ஒன்றே ஒன்றில் மட்டும் தங்கை பேச்சைக் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு அக்கா வாங்கி வந்த விண்ணப்பத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, ஒருநாள் பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸோடு வந்து நின்றாள். நகரப் பேருந்தில் டிரைவர் வேலையும் கிடைத்துவிட்டது. அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை மட்டும் விடவில்லை. முதுகு வலிக்கிறது என்றால் நான் அப்பவே சொன்னேன். வெயிலில் முகம் கறுத்தால் நான் அப்பவே சொன்னேன். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு நெஞ்செரிச்சல் வந்து, வருஷக்கணக்காக அதற்குத் தினம் ஒரு மாத்திரை என்று ஆனபோது கேட்கவே வேண்டாம்.

தங்கை எல்லாவற்றையும் சிரித்தே கடத்திவிடுவாள். பணிமனையில் அவளுக்குப் 'பைலட்' என்று பெயர். பதினாறு வருஷம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் இரண்டு அறை வீட்டில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவிக் கேட்பவர்களிடம், எங்க அக்கா ஃபாரத்தை முழுசா நிரப்பற பொறுமை எந்த மாப்பிள்ளைக்கும் இல்லை என்று தங்கை போட்டு உடைப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கினாள். விடிந்ததிலிருந்தே வயிற்று வலியாம். அதோடு கடைசி நிறுத்தம் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போய், எல்லோரையும் இறக்கிவிட்டு, கைபிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் படியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறாள். கண்டக்டர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்கேனில் குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன். தினம் பார்க்கிற அதே வியாதிதான். ஆனாலும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆராய்ச்சியைப் பற்றி மயக்க மருந்து டாக்டரே தங்கைக்கு எடுத்துச் சொன்னார். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கட்டாயமில்லை என்றும் சொன்னார். தங்கை கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே சம்மதக் கையெழுத்துப் போட்டாள்.

"நான் எத்தனாவது ஆளுக்கா?"

"எண்பத்தேழு."

"சரி, ஏத்திக்கோ. ஸ்டாண்டிங்ல வேணும்னாலும் வரேன்."

அந்த வலியிலும் அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கேள்வி கேட்க வேறு ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவள் இன்னொருத்தி மட்டும்தான். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாள். அக்கா முறைப்படி அவளுக்குப் போன் செய்தாள். இதோ வந்துவிடுகிறேன் என்றாள் அவள். அதற்குள் ஆபரேஷன் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது, முந்தின ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது, உடனே அனுப்புங்கள் என்று. தங்கை வலி ஊசி போட்ட களைப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. இவளை உலுக்கி எழுப்பிக் கேட்பானேன், எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியது.

பேனாவை எடுத்தாள். முதல் கேள்வி பிறந்த தேதி. தங்கையைக் கேட்டால்தான் தப்பாகச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டாள். இதற்கு முன் ஆபரேஷன், இல்லை. ஒவ்வாமை, இல்லை. தினமும் சாப்பிடும் மருந்து, நெஞ்செரிச்சல் மாத்திரை. எத்தனை மில்லிகிராம் என்பது வரை எழுதினாள். வாங்கி வருவதே அவள்தானே. பதினோராவது கேள்விக்கும் பேனா நிற்கவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் நேரில் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். இன்னொருத்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, முடிந்துவிட்டது, நீ போ என்று சொல்லிவிட்டாள். அவள் ஒரு நொடி தயங்கினாள். ஆனால் கேள்வி அக்காவுக்கே விதி சொல்லிக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்.

உறைக்குள் 'வாயு உண்டு' என்று இருந்தது. ஒரு மணி இருபது நிமிடம் ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தங்கை வாந்திகூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள், நாலு வாரத்தில் வேலைக்கும் போய்விட்டாள். அக்காவுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. ஆராய்ச்சிக்கும் ஒரு ஆள் ஆயிற்று, தங்கையும் பிழைத்தாள் என்று யார் யாரிடமோ சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் குளியலறையிலிருந்து தடாலென்று சத்தம் கேட்டது. அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். தங்கை முகத்தில் சோப்பு நுரையோடு தரையில் கிடந்தாள். வழுக்கிவிட்டதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். முகம் கழுவக் கண்ணை மூடினாளாம், அவ்வளவுதான், கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டதாம். முந்தின நாள் பிரேக்கை மிதிக்கக் குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து மிதித்ததையும் அப்போதுதான் சொன்னாள். வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி, வேறு டிரைவரை வரச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

நரம்பு டாக்டர் அவளை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உடனே சாய்ந்தாள். அக்கா தாங்கிப் பிடித்தாள். ட்யூனிங் ஃபோர்க் என்கிற, தட்டினால் அதிரும் கவைக்கம்பியை அவள் கணுக்காலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டார். எது என்று கேட்டாள் தங்கை. டாக்டர் அதை முழங்காலுக்கு ஏற்றினார், அப்புறம் இடுப்புக்கு. இடுப்பில்தான் லேசாகத் தெரிகிறது என்றாள். ரத்தத்தில் பி-12 இல்லையென்றே சொல்லும் அளவுக்கு இருந்தது. நெஞ்செரிச்சல் மாத்திரையை இத்தனை வருஷம் போட்டால் அந்தச் சத்து உடம்பில் ஒட்டாமல் போகக்கூடும் என்றார் டாக்டர். பிறகு, ஆபரேஷனுக்கு முன்னாலேயே கால் மரத்துப்போவது ஏதாவது இருந்ததா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இருந்துச்சு டாக்டர்," என்றாள் தங்கை. "ஏழெட்டு மாசமா."

அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கை அவள் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் ஊசி எழுதிக்கொண்டே சொன்னார், ஒரு வாரம் வார்டில் தங்கித் தினமும் போட வேண்டும், அப்புறம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஒரு வருஷத்தில் ஓரளவு நடை திரும்பும், கைத்தடி தேவைப்படலாம். வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டும். தங்கை அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அவள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அக்கா கோப்பு அறைக்குப் போய் எண்பத்தேழாவது ஃபாரத்தை எடுத்துப் பார்த்தாள். எதை எதிர்பார்த்துப் போனாளோ தெரியாது. டிக் போட்ட இடத்தில்தான் டிக் இருந்தது. அவளுடைய கையெழுத்து, அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் ஆராய்ச்சிக்குழு கூடியது. தலைவர் ஒரு டாக்டரம்மா, மயக்க மருந்துத் துறையின் மூத்தவர், நல்ல மனுஷி. கூடியதே அக்காவுக்கு ஆறுதல் சொல்லத்தான் என்பது போல அவர் பேசினார். ஃபாரத்தை எல்லோரும் பார்த்தாயிற்று, சொந்தக்காரரை அக்காவே கேட்டது ஒரு சின்ன விதிமீறல்தான், அவசரத்தில் நடந்தது, அதை எழுதி வைத்துவிடலாம். மற்றபடி கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது, நோயாளி இல்லை என்று சொல்லியிருக்கிறார். சொந்த அக்காவிடமே மறைத்திருக்கிறார் என்றால் யாரால் என்ன செய்ய முடியும். டிரைவர்கள் வேலை போய்விடும் என்று மறைப்பது சகஜம்தான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவர் அக்காவின் தோளில் கை வைத்தார்.

தலையை ஆட்டினால் போதும். வேலை நிற்கும், பெயர் நிற்கும், ஆராய்ச்சியும் நடக்கும். பழியெல்லாம் தங்கை தலையில் விழும், அவ்வளவுதான். அவளும் போய் யாரிடமும் சண்டை போடப்போவதில்லை. சொல்லக் கூடாது என்றுதான் நினைக்கிறோம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அக்கா பாதி தலையாட்டியும்விட்டாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"அவ மறைக்கல டாக்டர். நான் கேக்கல."

அறையில் யாருக்கும் முதலில் புரியவில்லை. பன்னிரண்டு கேள்வியில் ஒன்றைக்கூடத் தான் கேட்கவில்லை, எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டேன் என்று அவள் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரம்மா தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதுதான். ஆராய்ச்சியை நிறுத்தி வைத்தார்கள். மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். அக்காவை அந்த வேலையிலிருந்து விலக்கி, விசாரணை முடியும்வரை கோப்பு அறையில் உட்காரச் சொன்னார்கள். அவள் இதுவரை கேட்டு எழுதிய மற்ற எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஒரு ஃபாரம் பொய் என்றால் மற்றவை மட்டும் எப்படி மெய்யாகும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் அவள் நேரில்தான் கேட்டாள். அதை இனி யார் நம்புவார்கள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தங்கையிடம் சொல்வதுதான் முடியாத காரியமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். ஊசி போட வைத்தாள், வார்டில் கைப்பிடித்து நடக்க வைத்தாள், சாப்பிட வைத்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். பதினாறு வருஷம் இருட்டிலும் மழையிலும் அத்தனை பெரிய வண்டியை ஓட்டின கால், தன் செருப்புக்குள் நுழையத் தெரியாமல் திண்டாடியது.

மூன்றாம் நாள் காலை, வார்டை ஒட்டியிருந்த சின்ன அறையில் தங்கையை உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது, அதைக் கேட்காமல் நானே இல்லையென்று போட்டுவிட்டேன், கேட்டிருந்தால் அந்த வாயுவே உனக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றாள். சொல்லி முடித்ததும் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டாள். தங்கைக்கு அந்தப் பிடி தெரிந்ததோ என்னவோ.

அது என்ன கேள்வி என்று தங்கை கேட்டாள். அக்காவுக்கு அது மனப்பாடம். கை கால்கள் மரத்துப்போனது, எறும்பு ஊர்வது போல இருந்தது, நடக்கும்போது தடுமாறியது உண்டா என்று அச்சில் இருக்கிற மாதிரியே சொன்னாள்.

"நீ கேட்டிருந்தா இல்லன்னுதான்க்கா சொல்லியிருப்பேன்."

பாருங்கள், மனம் எவ்வளவு கேவலமானது. அதைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அப்படியென்றால் கேட்டிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும், என் டிக்கால் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று மூச்சு விட்டாள். தங்கை இன்னும் முடிக்கவில்லை.

"வேற யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு மாசமா யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன். பணிமனையில சொன்னா வேலை போயிடும். உன்கிட்ட சொன்னா அழுவ, அப்புறம் நான் அப்பவே சொன்னேன்னு ஆரம்பிச்சிடுவ. நீ கேக்கறது கேள்வி இல்லக்கா. பதிலையும் கையில வெச்சுக்கிட்டுதான் கேப்ப. ஆஸ்பத்திரியில யாரோ ஒருத்தர், முன்ன பின்ன தெரியாதவங்க, உக்காந்து கேட்டிருந்தா கொட்டியிருப்பேன்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா எப்படியாவது தாங்கியிருப்பாள். "அன்னிக்கு வேற ஒரு அக்கா வருவாங்க, கேப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு. கண்ணை மூடிட்டு, எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

ஒன்பது வயதிலிருந்து வளர்த்த பெண். இவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாள். இவள் ஏழு மாதம் தன் பக்கத்து அறையில், மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று படுத்துக் கிடந்திருக்கிறாள். சுவர்கூட மெல்லிய சுவர்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்த இன்னொருத்திதான், கையில் புது ஃபாரத்தோடு. விசாரணைக்காக எண்பத்தேழாவது நோயாளியின் பதில்களை நோயாளியிடமே நேரில் கேட்டு மறுபடி எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்காவை வெளியே போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவே எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

எதிரே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு கேள்விக்கும் எட்டு நிமிடம் போதும், வலியில் முனகுகிறவர்களுக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சுவரில் கடிகாரம் இருந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். வார்த்தைகள் புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. ஜோக்கடிக்கும் குரல் இல்லை. அக்காவுக்குப் பழக்கமில்லாத ஒரு குரல், தாழ்ந்து, நிதானமாக, நிறுத்தாமல். நடுவில் ஒருமுறை அழுதாள். அக்கா பாதி எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. இன்னொருத்தி தலையை மட்டும் நீட்டி, ஃபாரத்தில் இடம் போதவில்லை, வெள்ளைத்தாள் நாலைந்து கிடைக்குமா என்று கேட்டாள். அக்கா கோப்பு அறைக்குப் போய் ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.